பிழை சொல்ல ஆளில்லாதவன்

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், கண்டிப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வத்தேகம வரைக்கும் அவனைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவனைப் பற்றிக் கேவலமாக எழுதிவிட்டேன் என்றல்ல, அவனைப் பற்றி எழுத இவன் யார் என்று. ஒவ்வொருவரும் தான்தான் அவனுடைய மிக நெருங்கிய கூட்டாளி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது நான்தான். இதைச் சொன்னால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

அவனுடைய சிரிப்பைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது. நாம் ஏதாவது சொன்னால் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு ஒரு கணம் யோசிப்பான். பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கும். சிரிப்பு கடைசியாகத்தான் முகத்துக்கு வரும். என் ஜோக்குகளுக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. அம்மா "மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்பார், அப்பா டீவியின் சத்தத்தைக் கூட்டுவார். அவன் மட்டும் சிரித்தான். உலகத்தில் என் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே மனிதனிடம் போய், உன் கணக்கு பிழை என்று எப்படிச் சொல்வது?

எனக்கு மட்டும் இந்த நிலைமை என்றால் பரவாயில்லை. எல்லாருக்கும் அவன் ஏதோ ஒரு விதத்தில் அப்படித்தான். ஒருமுறை மைதானத்தில் அவன் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். பந்து நடு ஸ்டம்ப்பைப் பிடுங்கி எறிந்தது. ஸ்டம்ப் மண்ணில் கிடக்கிறது, எல்லாரும் பார்க்கிறோம். "நோ போல்" என்று ஒரு குரல் வந்தது. சொன்னது பந்து வீசியவனே. அவன் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கிடந்த ஸ்டம்ப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நடந்து வெளியே போனான். நாங்கள் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப ஆட வைத்தோம். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்தது என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். எனக்கு எதுவுமே உடனே விளங்குவதில்லை என்பதற்கு என் கணித ஆசிரியர்கள் எல்லாரும் சாட்சி.

கணிதம் என்றதும் வகுப்புக்கு வந்துவிட வேண்டும்.

ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை, எழுதும் வருடம். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் எங்களுக்குப் பின்னேரங்களில் கணித வகுப்பு நடந்தது. கீழே இரும்புக் கம்பி இறக்குகிற சத்தம், வெளியே பஸ்காரர்கள் "கண்டி, கண்டி" என்று கூவுகிற சத்தம், மேலே பன்னிரண்டு பிள்ளைகளின் சத்தம். சத்தமில்லாத ஒரே ஆள் டீச்சர்தான். பல்கலைக்கழகம் முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தவர். அவருக்கு ஒரு முறை இருந்தது. கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், கூட்டாளியிடம் கேட்டுப் படித்தால் மண்டையில் நிற்கும் என்பது அவர் கட்சி. எங்களை நான்கு நான்கு பேராக மூன்று மேசைகளில் உட்கார வைப்பார். மேசைக்கு ஒரு டிமை தாள், அதாவது சுவரில் ஒட்டுகிற அளவு பெரிய தாள். ஒரு மார்க்கர் பேனை. கணக்கைத் தருவார். நான்கு பேரும் பேசி, நான்கு பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் தாளில் எழுத வேண்டும். டீச்சர் வந்து தாளை மட்டும் பார்ப்பார்.

நல்ல முறைதான். எங்களை மாதிரிப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் மேசையில் அவன், நான், பஸ்லி. பஸ்லியுடைய வாப்பாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில் பேக்கரி. நான்காவது கதிரைக்கு ஒவ்வொரு நாளும் அடிபிடி. யார் முதலில் மாடிப்படி ஏறி வருகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். கணக்குத் தாளைத் தந்ததும் அவன் புருவத்தைச் சுருக்கி வாசிப்பான். நாங்கள் மூன்று பேரும் கணக்கை வாசிக்க மாட்டோம், அவன் முகத்தை வாசிப்போம். கடைசியில் அவன் தயங்கித் தயங்கி, "இருபது வருமா?" என்பான். கேள்விதான் கேட்கிறான். ஆனால் அவன் கேட்டு முடிக்குமுன்னே பஸ்லி மார்க்கரை எடுத்துப் பெரிதாக இருபது என்று எழுதி, கீழே கோடும் இழுத்துவிடுவான்.

"எப்படிடா இருபது?" என்று அவன் கேட்பான்.

"நீ சென்னா சரிதான் மச்சான்" என்பான் பஸ்லி.

நான் ஒரு ஜோக் சொல்வேன். அவன் சிரிப்பான். கணக்கு முடிந்தது.

விடை பிழையாகிவிட்டாலும் அவனுக்குப் பாதகம் வராது. டீச்சர் தாளைப் பார்ப்பார், பிறகு அவனைப் பார்ப்பார். அவன் ஒரு சிரிப்புச் சிரிப்பான். "முயற்சி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

அந்த அடுத்த மேசையில் துஷாந்தி இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அரசாங்க உத்தியோகத்தரின் மகள். வகுப்பில் கணிதம் உண்மையாகவே தெரிந்த ஒரே ஆள். மற்றவர்கள் குட் மோர்னிங் சொல்வது மாதிரி அவள் "பிழை" என்று சொல்வாள். கோபமோ கிண்டலோ இருக்காது. பிழையைக் கண்டால் பிழை என்பாள், அவ்வளவுதான். அதனாலேயே அவளை ஒருவருக்கும் பிடிக்காது. அவளோடு உட்கார வேண்டி வந்த மூன்று பேரும் அவள் சொல்கிற சரியான விடையை எழுத மாட்டார்கள். தாங்களாகக் கூடிப் பேசி, சொந்தமாக ஒரு பிழையைக் கண்டுபிடித்து எழுதுவார்கள். அவள் தலையைக் குனிந்து தன் கொப்பியில் சரியானதைச் செய்துகொண்டிருப்பாள். பள்ளிக்கூட இடைவேளையிலும் தனியாகத்தான் சாப்பிடுவாள்.

அவனுக்குக் கணிதம் ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவனுக்குப் படவரைஞர் ஆக, அதாவது கட்டடங்களுக்குப் படம் வரைகிறவனாக, ஆசை. தொழில்நுட்பக் கல்லூரியில் அந்தப் படிப்புக்குக் கணிதத்தில் பாஸ் வேண்டும். பாவித்து முடித்த டிமை தாள்களின் பின்பக்கத்தில் வீடு வீடாக வரைவான். யார் கேட்டாலும் ஒரு வீடு கிடைக்கும். எனக்கும் ஒன்று வரைந்து தந்தான். மலைச்சரிவில் இரண்டு தட்டு வீடு, படிக்கட்டு, பின்னால் கோழிக்கூடு. எனக்கென்று ஒரு தனி அறையும் இருந்தது, ஜோக் சொல்வதற்கு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

அவன் அப்பாவுக்கு வத்தேகம சந்தையில் உருளைக்கிழங்கு, வெங்காயக் கடை. அவர் பேச்சு நேரடியானது. கணக்கில் பாஸ் என்றால் படம் வரையப் போகலாம். இல்லாவிட்டால் கொழும்பு, புறக்கோட்டையில் மாமாவின் புடவைக்கடை. அவன் பாஸாக மாட்டான் என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்றே நினைக்கிறேன். நான் ஒருநாள் கடைக்குப் போயிருந்தபோது என்னிடமே சொன்னார்.

"இவன் மூஞ்சியப் பாத்தாலே சனம் சாமான் வாங்கும். இவனுக்கு எதுக்குத் தம்பி கணக்கு?"

அவன் வெங்காயச் சாக்குக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

தவணைப் பரீட்சையில் அவன் புள்ளி முப்பதைத் தாண்டவில்லை. வினாத்தாளே பிழை என்றோம். திருத்தியவருக்கு ஏதோ கடுப்பு என்றோம். பஸ்லி, திருத்திய சேர் தன் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றான். அவன் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். தொலைந்த சாமானைத் தேடுகிறவன் அலுமாரியின் ஒவ்வொரு தட்டாகப் பார்ப்பானே, அப்படி.

அடுத்த வாரம்தான் அந்த மதில் கணக்கு வந்தது. எட்டு ஆட்கள் பத்து நாளில் கட்டுகிற மதிலை நான்கு நாளில் கட்டி முடிக்க இன்னும் எத்தனை ஆட்கள் வேண்டும்? அவன் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தயங்காமல் சொன்னான்.

"மைனஸ் மூணு."

பஸ்லி எழுதினான். எழுதிக்கொண்டே, மூன்று பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் போல என்றான். மூன்று பேர் குறைந்ததும் மிச்சமுள்ளவர்கள் பயத்தில் வேகமாகக் கட்டுவார்கள் என்று நான் விளக்கம் கொடுத்தேன். நான்காவது கதிரையில் இருந்தவன் தலையாட்டினான். டீச்சர் வந்து தாளைப் பார்த்தார். "இன்னும் மைனஸ் மூன்று ஆட்கள்" என்று மெதுவாக வாசித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"வித்தியாசமா யோசிச்சிருக்கீங்க" என்றார்.

"பன்னிரண்டு, டீச்சர்" என்று அந்தப் பக்கத்திலிருந்து துஷாந்தியின் குரல் வந்தது. யாரோ, தொடங்கிவிட்டாள் என்று முணுமுணுத்தார்கள். அவன் மட்டும் கதிரையோடு திரும்பி அவளைப் பார்த்தான்.

அன்று வகுப்பு விட்டுப் பாலத்தில் நடந்து வந்தோம். மைனஸ் மூன்று நல்ல ஜோக் என்று நான் பாராட்டினேன். நான் சொல்லியிருக்க வேண்டியது, நீ முந்திவிட்டாய் என்றேன். அவன் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு மகாவலியைப் பார்த்தான். ஆறு மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ஜோக் இல்லடா. நீங்க எழுதுறீங்களான்னு பாத்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நான் இதுக்குள்ள குதிச்சாலும், நல்லா நீந்துற மச்சான்னு சொல்லுவீங்க போல" என்றான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் ஒரு விநோதமான காரியத்தில் இறங்கினான். எங்களுக்குத் தன்னைப் பிடிக்காமல் செய்ய வேண்டும். பிடிக்காவிட்டால்தான் உண்மையைச் சொல்வோம் என்பது அவன் கணக்கு. பஸ்லியின் சாப்பாட்டுப் பெட்டியைக் கேட்காமல் திறந்து ரொட்டியை முழுதாகத் தின்றான். மறுநாளிலிருந்து பஸ்லியின் உம்மா இரண்டு பெட்டி கட்டினார். என் ஜோக்குகள் எல்லாம் பழசு, நாற்றமடிக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அதை நான் பெருமையாக ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். தலை வாராமல் வந்தான். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பில் பாதி ஆண் பிள்ளைகள் தலை வாரவில்லை. ஒருநாள் பஸ்லியின் சட்டைக் கொலரைப் பிடித்து, "டேய், ஒரு தடவையாவது பிழைன்னு சொல்லுடா" என்று உலுக்கினான். பஸ்லி பயந்துபோய், "சரி மச்சான், பிழை" என்றான். அன்றைக்குப் பார்த்து விடை சரியாக இருந்தது.

அதற்கு மேல் அவனுக்குப் பொறுக்கவில்லை. டீச்சரிடம் போய், தன்னைத் துஷாந்தியின் மேசைக்கு மாற்றும்படி கேட்டான். நாங்கள் துக்க வீட்டில் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

முதல் நாளே அவள் சொன்னாள்.

"பிழை."

"எங்க?"

"ரெண்டாவது வரி. பக்கம் மாத்தேக்க குறியை மாத்தேல்லை."

அவன் அந்த வரியை அழித்து மறுபடி எழுதினான். முகம் ஒரு விளக்கை ஏற்றி வைத்த மாதிரி ஆகிவிட்டது. இந்த மனிதன் திட்டு வாங்கிச் சந்தோஷப்படுகிறான் என்று நான் பஸ்லியிடம் சொன்னேன். அடுத்தடுத்த நாட்களில் அங்கிருந்து பிழை, பிழை என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருநாள் ஒரு சமன்பாட்டை ஒருவர் உதவியும் இல்லாமல் முழுதாகச் செய்து முடித்து, விடையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து பஸ்ஸில் எங்களுக்குக் காட்டினான். அன்று அவன் பாஸாகிவிடுவான் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

கெடுத்தது நாங்கள் எல்லாரும்தான், வேறு யார்? அவன் இருக்கிற இடத்தில்தானே நாங்கள் இருப்போம். முதலில் நான் என் கதிரையைத் தூக்கிக்கொண்டு அந்த மேசைக்குப் போனேன். பிறகு பஸ்லி வாப்பாவின் பேக்கரிப் பணிஸோடு வந்தான். பிறகு எல்லாரும். அவனோடு சிரித்துப் பேசுகிறவள் என்பதால் துஷாந்தியும் எங்களுக்கு வேண்டியவளாகிவிட்டாள். துஷி என்று கூப்பிடத் தொடங்கினோம். பெண் பிள்ளைகள் அவளுக்குப் புது விதமாகத் தலை பின்னிவிட்டார்கள். மாடிப்படியில் அவளுக்காகக் காத்து நின்றார்கள். அவள் நன்றாகச் சிரிப்பாள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. என் ஜோக்குக்குக்கூட ஒருமுறை சிரித்தாள், பாவம்.

ஒருநாள் பின்னேரம் அவன் ஒரு விடையைச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். மேசையைச் சுற்றி நாங்கள் ஏழெட்டுப் பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லார் முகத்திலும் சிரிப்பு. அவள் எங்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"கிட்டத்தட்டச் சரிதான்" என்றாள்.

அவன் அசையவில்லை. "எங்க பிழைன்னு மட்டும் சொல்லு, துஷி."

"ஒண்டுமில்லை, சின்னப் பிழைதான். விடுங்கோ, நான் திருத்தி எழுதுறன்."

அவளே மார்க்கரை வாங்கித் திருத்தி எழுதினாள். சரியான விடை. மேசை முழுக்கக் கைதட்டினோம். அவன் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான். நானும் பின்னால் போய் ஒரு ஜோக் சொன்னேன். அவன் தலையைச் சாய்க்கவும் இல்லை, தோள் குலுங்கவும் இல்லை. கீழே கம்பி இறக்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். துஷாந்தியை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருடம் தனியாகச் சாப்பிட்ட பிள்ளை.

பெறுபேறு வந்தபோது நாங்கள் எல்லாரும் அவன் அப்பாவின் கடை வாசலில் நின்றோம். போனில் பார்த்தோம். துஷாந்திக்கு ஏ, பஸ்லிக்கு சி. எனக்கு எஸ், அதாவது மயிரிழையில் பாஸ். அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் விசாரிக்க நான் விரும்பவில்லை. அவனுக்குக் கணிதத்துக்கு நேரே டபிள்யூ, அதாவது பெயில். உடனே எல்லாரும் பேசினோம். கொம்பியூட்டரில் ஏதோ பிழை, மறுபடி திருத்தச் சொல்லி எழுதிப் போடலாம், உனக்கு இது நடக்கவே நடக்காது மச்சான். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் அப்பா தராசைத் துடைத்து வைத்துவிட்டு மாமாவுக்குப் போன் எடுத்தார்.

அவனை வழியனுப்பக் கண்டி ரயில் நிலையத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து, யாராவது அரசியல்வாதி வருகிறாரா என்று ஒரு சிங்களப் பெரியவர் என்னிடம் விசாரித்தார். பொதி கொடுப்பவர்கள், போட்டோ எடுப்பவர்கள், அழுபவர்கள். ஜன்னலுக்கு உள்ளே அவன் முழங்காலில் சாப்பாட்டுப் பொதிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கையசைத்துச் சிரித்துக்கொண்டே போனான்.

கொஞ்ச காலம் கழித்துப் புறக்கோட்டையிலிருந்து போன் எடுத்தான். குரலில் அப்படி ஒரு உற்சாகம். மாமா அவனைக் கடையின் பின்பக்கம் ஸ்டோருக்குள் போட்டிருக்கிறாராம். அங்கே ஸ்டோர்காரர் ஒருவர், வயிற்று வலிக்காரர், எல்லாருக்கும் எரிந்து விழுவாராம். துணிக்கட்டு எண்ணுவதில், அளப்பதில் ஒரு சின்னப் பிழை விட்டாலும் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாராம்.

"இங்க ஒருத்தனுக்கும் என்னையப் பிடிக்கலடா" என்றான். வேலை கிடைத்த செய்தியைச் சொல்வது மாதிரிச் சொன்னான். பின்னங்கள் இப்போது விளங்குகின்றன, வெளிவாரியாகத் திரும்பப் பரீட்சை எழுதப் போகிறேன், இந்த முறை பார் என்றான். நான் வேலை செய்கிற, கண்டியில் போன் உறை விற்கிற கடையில் நின்றபடி, திட்டு இலவசமாகக் கிடைக்கிறதென்றால் எனக்கும் ஒரு கிலோ அனுப்பு என்றேன். சிரித்தான். பழைய சிரிப்பு.

அதன் பிறகு பல மாதம் சத்தமில்லை. போன வாரம் வேலை முடிந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது மறுபடி எடுத்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான். ஸ்டோர்காரர் ஓய்வெடுத்துப் போய்விட்டார். மாமா இவன் முகத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் இவனைத் தேடி வருகிறார்கள். அன்று ஒரு அம்மாவுக்கு ரவிக்கைத் துணியை அளவு பிழையாக வெட்டிவிட்டான். பெரிய பிழை, நல்ல பட்டு.

"மாமா சிரிச்சிட்டு, பரவாயில்லடா மகன்னாரு. அந்த அம்மாவும் பரவாயில்ல தம்பின்னு எடுத்துட்டுப் போயிட்டாங்கடா."

வரிசை ஓர் அடி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

"அடுத்த வாரம் பரீட்சை" என்றான். "ஒரு கணக்குக் கேக்கவா? படவரைதல் மாதிரித்தான். தாள்ல ஒரு சென்ரிமீற்றர்னா தரையில ரெண்டு மீற்றர். அறை எட்டு மீற்றர் நீளம். தாள்ல எவ்வளவு வரையணும்?"

நீயே சொல் என்றேன்.

"பதினாறு."

உலகத்தில் கணக்குக் கேட்க அவனுக்கு மிச்சமிருந்த ஆள் நான். நான் விரலை மடக்கினேன். இரண்டு தடவை மடக்கிப் பார்த்தேன். எனக்கே தெரிந்தது. உன் தாளை விரிக்க இன்னொரு அறை கட்ட வேண்டும் என்று ஒரு ஜோக் நாக்கு நுனியில் வந்து நின்றது. நல்ல ஜோக். அவன் சிரித்திருப்பான்.

"பிழை" என்றேன்.

அந்தப் பக்கம் புறக்கோட்டையின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ வண்டி தள்ளிக்கொண்டு வழி கேட்கிறார்கள்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றான்.

"பிழைடா. பதினாறு பிழை."

"எங்க?"

கட்டுகஸ்தோட்டை பஸ் வந்து நின்றது. பின்னால் நின்றவர்கள் முதுகில் தள்ளினார்கள். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.